பார்க்காத கிளட்சுக்குக் கையெழுத்து

என் வீட்டுக்காரருக்கு வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பேத்தி அழாமல் பள்ளிக்குப் போகிறாளா?

இங்கே தோட்டத்தில், டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புதர் வெட்டும் இயந்திரத்துக்கு கிரீஸ் வைப்பது என் வேலை. அதில் ஸ்லிப் கிளட்ச் என்று ஒன்று உண்டு. கத்தி எதிலாவது மோதினால் அது நழுவிக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். மழையில் கிடந்ததால் அதன் தகடுகள் துருவேறி ஒட்டிக்கொண்டன. நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் ஓட்டி, நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். மேஸ்திரியோ துருவின் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டார். நேற்று கத்தி மரக்கட்டையில் மோத, கிளட்ச் நழுவாமல், கத்தியைச் சுழற்றும் தண்டு முறிந்து, ஒரு துண்டு டிரைவரின் தலையை ஒட்டிப் பறந்தது. பயப்படாதீர்கள், நான் தள்ளித்தான் நின்றேன். மேஸ்திரி ஓடி வந்து, பெயிண்ட் வீணாய்ப் போச்சே என்றார்.

காலையில் பதிவேட்டை நீட்டினார்.

“கிளட்ச் பாத்தாச்சுன்னு எழுதியிருக்கேன் பாட்டி. ஒரு கைநாட்டு வச்சிடு. தப்பு டிரைவரோடதுன்னு முடிச்சிடலாம்.”

“அஞ்சாவது படிச்சவகிட்ட கைநாட்டா? பேனாவைக் குடு.”

‘பார்க்கவில்லை, பெயிண்ட் மட்டும் அடித்தார்கள்’ என்று எழுதி, உங்கள் இனிஷியலோடு கையெழுத்துப் போட்டேன்.

எண்ணெய் துடைக்க உங்கள் பழைய வேட்டி ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

முதலாளி பதிவேட்டோடு கூப்பிடுகிறார். வேலையை விட்டு அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறேன். மெதுவாக நடந்து ஸ்டேஷனுக்கு வாருங்கள்.

உங்கள் மனைவி