மிஷின் சொன்ன பேர்

குருவிநத்தம்,
பாகூர் கொம்யூன்.
18-5-2026, திங்கட்கிழமை.

அன்புப் பேத்தி மஞ்சுளாவுக்கு,

உன் ஆயா எழுதுவது. இங்கே உன் தாத்தாவைத் தவிர எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அவரும் போன வாரத்துக்கு மோசமில்லை. வாதம் வந்த வலது கை இன்னும் தூக்க வரவில்லை, கஞ்சியை மட்டும் தானே குடிக்கிறார். லியோனில் இப்போது வெயில் வந்துவிட்டது என்றாய். வந்தால் சரி.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதைப் போனில் சொல்ல முடியாது. போன் உன் தாத்தா தலைமாட்டில்தான் இருக்கிறது. அதனால் வடகப் பார்சலுக்குள் வைக்கிறேன். மூன்றாவது வரை படித்த கை, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் வியாபாரம். இந்த வருஷ வடகம் நன்றாக வந்திருக்கிறது. சித்திரை இருபதாம் தேதி ஒரு மழை பெய்து பயமுறுத்தியது. பாதி காய்ந்த உருண்டையை எல்லாம் பெண்கள் ஓடிப்போய் வாரிவந்து வீட்டுக்குள் பரப்பினார்கள். மறுபடி விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காயவைத்தோம். வாசனை போகவில்லை. பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். அடுத்த ஆர்டர் எப்போது என்று தினமும் கேட்கிறார்கள்.

இனி சட்டம். நீ சொன்னது எதையும் நான் மறக்கவில்லை. போன ஐப்பசியில், என் படத்தை ஏஐயில் செய்து விளம்பரம் போட்டபோது, தில்லியில் புதுசாக வரைவு வந்திருக்கிறது, படத்தில் பத்தில் ஒரு பங்கு இடத்துக்கு இது ஏஐ என்று எழுத்து இருக்கணும் என்று சொல்லி என் மூக்கு மறையும்படி எழுதினாய். மாசியில், விதி வந்துவிட்டது, பத்தில் ஒரு பங்கு என்பதை எடுத்துவிட்டார்கள், ஆனால் பளிச்சென்று தெரியணும் ஆயா என்று சொல்லி எழுத்தை என் முந்தானைக்கு இறக்கினாய். உங்கள் ஐரோப்பாவிலும் ஆகஸ்டில் ஒன்று வருகிறது, தள்ளிப்போகலாம் என்றும் பேசிக்கொள்கிறார்கள், எதற்கும் இப்போதே சரியாக இருப்போம் என்றாய். நானும் சும்மா இல்லை. வடக வியாபார லைசென்சு என் பேரில் இருக்கிறது, நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டால் நான்தானே பதில் சொல்லணும். சேவை மையம் வைத்திருக்கிற டேனியலிடம் செவ்வாய்க்கிழமை தோறும் போய், புதுசா இன்னா வந்துருக்குடா என்று கேட்டு வருகிறேன். போன வாரம்கூட, அரசாங்கம் ஒரு வீடியோவை நீக்கச் சொன்னால் மூன்று மணி நேரத்தில் எடுத்துவிடணும் என்று படித்துக் காட்டினான். என்னைப் பார்த்தாலே, ஆயா, இன்னிக்கு ஒரு சட்டமும் வரல, போய்ப் படு என்கிறான்.

இப்போது உன் வீடியோவுக்கு வருகிறேன். சித்திரையில் போட்டாயே, நான் வடகம் உருட்டிக்கொண்டே பேசுகிற மாதிரி. முகம் என் முகம்தான், கொஞ்சம் வெளுப்பு. குரலும் என்னுடையதுதான். தைப் பொங்கலுக்கு வந்தபோது, ஏதாவது பேசு ஆயா என்று போனை நீட்டினாய். வெங்காயம் உரித்துக்கொண்டே நாற்பது நிமிஷம் பேசினேன். அதில் ஒரு இடத்திலும் அந்தப் பேர் இல்லை, வேண்டுமானால் கேட்டுப் பார். உன் மிஷின்தான் என் தொண்டையை வைத்துக்கொண்டு, நானும் என் வீட்டுக்காரர் இன்னாரும் என்று உன் தாத்தா பேரை முழுசாகச் சொல்கிறது.

உனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன், மறந்துவிட்டாய். கண்ணனுக்கு அண்ணன் பேர் அது. ஐம்பத்துநாலு வருஷமாக நான் அப்படித்தான் சொல்லி வருகிறேன். ரேஷன் கடையிலும் சொன்னேன், ஆஸ்பத்திரியிலும் சொன்னேன், ஓட்டர் லிஸ்டு எழுத வந்தவனிடமும் சொன்னேன்.

நான் கல்யாணமாகி இந்த வூட்டுக்கு வந்த அன்று, உன் தாத்தாவின் தங்கச்சி காசம்மாள் வாசலில் கையை நீட்டி மறித்துக்கொண்டு, எங்க அண்ணன் பேரைச் சொல்லிட்டு உள்ளே போ என்றாள். எல்லா வூட்டிலும் நடக்கிற விளையாட்டுதான். மற்ற பெண்கள் மெல்ல முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் சொல்லவில்லை. ஆனி மாத வெயில், பட்டுப்புடவை, ஒரு மணி நேரம் நின்றேன். ஊமைச்சியைக் கட்டிக்கினு வந்துட்டியா அண்ணே என்று காசம்மாள் கேட்டாள், கூட்டம் சிரித்தது. கடைசியில் அவள்தான் கையை எடுத்தாள். அந்த ஊமைச்சியை நான் மறக்கவில்லை. அவள் என்னிடம் தோற்றது அந்த ஒரு நாள்தான். அதையும் அவள் மறக்கவில்லை.

இப்போது அவள் பேரன் போனில் உன் வீடியோ இருக்கிறது. தண்ணீர்க் குழாயடியில், பால் கூட்டுறவில், போகிற வருகிற இடமெல்லாம் போட்டுக் காட்டுகிறாள். அன்னிக்கு வூட்டு வாசல்ல சொல்ல வாய் வராதவ, இன்னிக்கு பிரான்ஸுக்கே கேட்கச் சொல்றா பாரு என்கிறாள். செயற்கை நுண்ணறிவால் செய்தது என்று நீ சட்டப்படி எழுத்துப் போட்டிருக்கிறாய், குறை சொல்லமாட்டேன். ஆனால் காசம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

நீ அனுப்பிய ஒப்புதல் தாளை டேனியல் அச்செடுத்துக் கொடுத்தான். இந்த முகமும் குரலும் என்னுடையவை, இதில் சொல்வதெல்லாம் என் சம்மதத்தோடு என்று எழுதியிருக்கிறது. மாதக் கடைசிக்குள் என் கையெழுத்தோடு அசல் தாள் வராவிட்டால் நம் வடகத்தை வாங்கி விற்கிற அந்த லியோன் கடைக்காரர் அடுத்த ஆர்டர் தரமாட்டார் என்றும் சொன்னாய். பதினோரு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் இதைக் கிழித்துப் போட முடியாது. நான் சொல்லாத வார்த்தைக்குக் கையெழுத்துப் போடவும் முடியாது. எட்டு நாள் தாளை அரிசிப் பானை மேலேயே வைத்திருந்தேன்.

நேற்றுத்தான் கையெழுத்துப் போட்டேன். முகத்துக்குச் சம்மதம், குரலுக்குச் சம்மதம், வடகத்தைப் பற்றிச் சொல்வதற்குச் சம்மதம், கணவர் பெயர் வரும் இடம் நீக்கப்பட வேண்டும் என்று டேனியலை விட்டு எழுதவைத்து, அதற்குக் கீழே போட்டிருக்கிறேன். கடைக்காரரிடம் அதையும் படித்துக் காட்டு. என் வீட்டுக்காரர் என்று மட்டும் வரட்டும், போதும். பழையதை எல்லா இடத்திலும் எடுத்துவிடு. சட்டத்தில் இதற்கு இடம் உண்டா என்று டேனியலைக் கேட்டேன். உன் முகம், உன் குரல், உனக்கு இல்லாத இடமா ஆயா என்றான். அவன் வக்கீல் இல்லை, ஆனாலும் சொன்னது சரியாகத்தான் பட்டது.

இன்னும் ஒன்று. கடிதம் எழுதியதே இதற்காகத்தான்.

போன வெள்ளிக்கிழமை நான் அடுப்படியில் இருந்தேன். உன் தாத்தா இடது கையால் போனைத் தடவிக்கொண்டிருந்தார், உன் வீடியோ ஓடியது. அந்தப் பேர் வந்ததும், இன்னா என்று கேட்டார். போனைப் பார்த்துக் கேட்கவில்லை. நான் கூப்பிட்ட மாதிரி அடுப்படிப் பக்கம் திரும்பிக் கேட்டார். விழுந்ததிலிருந்து அவர் வாயில் ஒரு வார்த்தை அவ்வளவு தெளிவாக வந்ததில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதைப் போட்டார். மறுபடியும், இன்னா என்றார். அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். சிரிக்கவும் செய்கிறார், ஒரு பக்கமாக.

ஐம்பத்துநாலு வருஷத்தில் அவர் என்னை ஒரு தடவையும், சொல்லேன் என்று கேட்டதில்லை. அன்று வாசலில் நின்றபோதும், விடு காசம்மா என்று சொன்னது அவர்தான்.

அதனால் ஊருக்கெல்லாம் காட்டுவதைக் கடிதம் கண்ட அன்றைக்கே எடு. அவர் போனில் இருப்பதையும் எடுக்கத்தான் வேண்டும், மிஷின் கூப்பிட்டு அவர் பதில் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அதை மட்டும் உடனே எடுக்காதே. தில்லிக்காரர்கள் மூன்று மணி நேரம்தான் கொடுக்கிறார்கள். நீ எனக்குப் பதினைந்து நாள் கொடு. விடியற்காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகும்போது அந்தப் பேரைத் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் பாதி வந்துவிட்டது.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உன் தாத்தா ஆசீர்வாதமும் இதோடு சேர்ந்தது, அவர் இடது கையை உன் பார்சல் மேல் வைத்துத்தான் கட்டப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் ஆயா
மணியம்மாள்