ரெகுலாவின் அஸ்திச் சாடி

வியாழன், நவ. 6
காலையிலிருந்து மூடுபனி. ரயில் தாமதம். மாலை ஆறு மணி மண்பாண்ட வகுப்புக்கு ஓடித்தான் போனேன்.

யாரும் வேலை தொடங்கவில்லை. எல்லோரும் சூளையைச் சுற்றி. உள்ளே ஒரு பாத்திரம் வெடித்து, பக்கத்திலிருந்த ரெகுலாவின் சாடியையும் நொறுக்கியிருக்கிறது. பூச்சாடி இல்லை அது. புற்றுநோயில் படுத்திருக்கும் கணவர் கேட்டு, அவருக்காகச் செய்த அஸ்திச் சாடி. இரண்டு மாத வேலை.

"ஈரம் காயாமல் ஆரோ வைச்சிருக்கிறியள். ஆற்றை சாமான்?" ஆசிரியை பேயாட்ரிஸ்.

என்னுடையது. அடி தடித்த கிண்ணம். 'அடுத்த கிழமை சுடுவம்' என்று பேயாட்ரிஸ் ஒதுக்கியதை, மகளின் பிறந்தநாளுக்கு வேண்டுமென்று நான்தான் சுடும் தட்டுக்கு மாற்றினேன். துண்டுகளில் அடையாளம் இல்லை. வாய் திறக்கவில்லை. ரெகுலா குனிந்து பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன். "டாங்கே" என்றாள். எனக்கு நன்றி!

வெள்ளி, 7
வேலையில், சலவைக்கூடத்தில் இரண்டு கூடை விரிப்புகளைப் பிழையாக மடித்தேன். வீட்டில் இவரிடம் சொன்னேன்.

"ஆருக்குத் தெரியும்? பேசாமல் இரும். பிறகு தமிழாக்கள் எல்லாரையும் சேர்த்துச் சொல்லுவினம்."

"அவளின்ரை மனுசன் சாகப் போறாரப்பா."

"அதுக்கு நீர் என்ன செய்யிறது?"

பருப்பு அடிப்பிடித்தது. வாங்க: வெங்காயம், பால், தலையிடிக் குளிசை.

ஞாயிறு, 9
ரெகுலாவிடம் சொல்ல ஜெர்மன் மொழியில் நாலு வரி எழுதி, குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். மகள் கதவைத் தட்டினாள். "அம்மா, ஆரோட கதைக்கிறீங்கள்?"

வியாழன், 13
அரை மணி முன்னதாகவே போனேன். ரெகுலா தனியாக. இரண்டு வரி சரி. மூன்றாவது மறந்துபோனது. தெரிந்த சொற்களால் கொட்டினேன்: என் கிண்ணம், நான்தான் மாற்றி வைத்தேன், அன்றைக்குச் சொல்லவில்லை.

ரெகுலா கையைத் துடைத்தாள்.

"அண்டைக்கு என்னோட சேர்ந்து துண்டு பொறுக்கினனீ."

"ஓம்."

"அதுதான் எனக்குக் கோபம். கிண்ணத்துக்கு இல்லை."

வகுப்பு தொடங்கியபின் ஒரு பெரிய களிமண் கட்டியை என் முன்னால் போட்டாள். "என்ரை மணிக்கட்டு ஏலாது. நீ பிசை."

பிசைந்தேன். அவள் அதைக் கயிறாக உருட்டி, புதிய சாடிக்குச் சுருள் சுருளாக அடுக்கினாள். மன்னித்தாளா? தெரியாது. தோள் இரண்டும் கடுமையான வலி.

திங்கள், 24
மழை. வேலையில் நிற்கும்போது ரெகுலாவின் செய்தி. கணவர் காலையில் போய்விட்டார். அஸ்தி அடக்கம் அடுத்த செவ்வாய். அதற்குள் சாடி வேண்டும்.

வியாழன், 27
சூளைக் கதவு திறந்து கிடந்தது. பேயாட்ரிஸ் கடிகாரத்தைப் பார்த்தபடி: "இண்டைக்குச் சுட்டால்தான் செவ்வாய்க்குக் கிடைக்கும். வெளியில காய்ஞ்சமாதிரித்தான் இருக்கு. முடிவு உன்ரை, ரெகுலா."

ரெகுலா என் பக்கம் திரும்பினாள். "மண் பிசைஞ்சது நீ. நீ சொல்லு."

சாடியின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்றது. உள்ளே ஈரம் இருந்தால்தான் அப்படிக் குளிரும். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். காய்ந்துவிட்டது என்று சொல்லத்தான் நாக்கு உன்னியது.

"நோனிக்" என்றேன். இன்னும் இல்லை.

ரெகுலாவின் முகம் சிவந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள்.

"சரி. அவர் காத்திருக்கட்டும். நாப்பது வருசமா நான்தானே அவருக்காகக் காத்திருந்தனான்."

சூளையைச் சாத்தினார்கள். சாடி வெளியே.