கொழுந்துக் கறை

1957 டிசம்பர் 4

இன்றும் மழை. அவருக்கு இன்றும் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை.

மாலையில் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு லெட்சுமி வந்தாள். இந்த வீட்டுக்குப் பேச வருகிறவள் அவள் ஒருத்திதான். நான் பின்னிக்கொண்டிருந்த குட்டித் தொப்பியின் வெள்ளைக் கம்பளி நூலை ஆசையாகத் தொட்டுப் பார்த்தாள். ஈர விரலிலிருந்த கொழுந்துக் கறை நூலில் ஒட்டிக்கொண்டது.

“ஐயோ, வெள்ளை நூல்” என்று சொல்லிவிட்டேன்.

அவள் கையை முந்தானைக்குள் மறைத்தாள். “எங்க கையை விட்டே போகாதுங்கம்மா. நூலை விட்டு எங்க போகப்போகுது” என்றாள். ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே தன் லயத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

எலுமிச்சம்பழச் சாறு விட்டு, நூல் சிக்காகாமல் மெதுவாக அலசினேன். கறை போய்விட்டது. எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் வயிற்றுப் பிள்ளைக்குத்தான் தொப்பி என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். இனிக் கொடுத்தால், கறை பட்டதால் கொடுக்கிறேன் என்றுதான் நினைப்பாள்.