அலமாரிக் கட்டிலின் வயது

லெய்டன்,
மார்ச் 9, திங்கள்

அன்பு ஃபெம்கேவுக்கு,

அம்மா நலம், முட்டி மட்டும் தனிக் கட்சி நடத்துகிறது. ஹாலிஃபாக்ஸ் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே. இன்று உறுதியான செய்தி: என் வீட்டை அருங்காட்சியகமாக்கி, என்னை ரயில் நிலையத்துக்குப் பின்னால் லிஃப்ட் வைத்த அடுக்குமாடிக்கு மாற்றப்போகிறார்கள். இந்த முற்றத்து வீடுகளுக்குச் சொந்தக்கார அறக்கட்டளையின் செயலாளர் கையெழுத்திட்ட கடிதம் காலை எட்டே முக்காலுக்கு வந்தது. காரணம், அந்தக் கால வழக்கப்படி கதவு போட்ட சுவர் அலமாரிக்குள் நானும் உன் அப்பாவும் படுத்த கட்டில். போன மாதம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் வந்து, டார்ச் அடித்து, கதவை முகர்ந்துகூடப் பார்த்து, இது 1650க்கு முந்தையது, ஊரில் மிஞ்சியது இது ஒன்றுதான் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்.

அதை 1991இல் செய்தது உன் அப்பா. பல்கலைக்கழகம் வெளியே எறிந்த பழைய பெஞ்சுகளை மூன்று நடையாகச் சைக்கிளில் கட்டி இழுத்துவந்தார். பக்கத்து வீட்டு யான்னாவிடம் சொன்னேன். “வாயைத் தொறக்காதடி, இந்தக் கட்டடத்துல கேக்காம ஒரு ஆணி அடிச்சாலே வெளியேத்துவாங்க, உன் வீட்டுக்காரர் கட்டிலையே அடிச்சு வெச்சிருக்கார்” என்றாள். சொல்லாவிட்டாலும் வெளியேற்றம்தானே என்றேன். “அப்ப சொல்லிடு, அந்தப் பேராசிரியர் மூஞ்சியையாவது பாத்துட்டுப் போகலாம்” என்றாள்.

அறக்கட்டளைத் தலைவர் ஃபான் ரொஸ்ஸம் முற்றத்துத் தோட்டத்தில் பேரிக்காய் மரத்தடியில் டிக்கெட் மேசைக்கு இடம் அளந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். “மேடம், இந்த வயசுல ஞாபகம் கொஞ்சம் குழம்பத்தான் செய்யும்” என்றார். சாட்சி இருக்கிறது என்றேன். அடிப்பலகையின் மறுபக்கத்தில் அப்பா பென்சிலால் தேதி போட்டு, ஈரச் சுவரைச் சரிசெய்யக் கேட்டு நான்கு வருஷம் எழுதியும் பதில் போடாத அன்றைய தலைவரை ஆறு வரி திட்டியிருக்கிறார். அதில் இருப்பதிலேயே மரியாதையான வார்த்தை ஆட்டுமூளை. அன்றைய தலைவர் இவரைப் பெற்றவர். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். “நீங்களே படிச்சுக்குங்க, அவர் கையெழுத்து நல்லாத்தான் இருக்கும்” என்றேன். அளக்கும் நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.

வியாழன் காலை பத்து மணிக்கு அவர் முன்னாலும் பேராசிரியர் முன்னாலும் தச்சர் பலகையைக் கழற்றுகிறார். இங்கேயே இருக்கலாமா, அடுக்குமாடியா, இரண்டும் இல்லாமல் தெருவா என்பதை வெள்ளி மாலை ஐந்துக்குள் எழுத்தில் தருவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார்.

நோய்நொடி இல்லாமல் எல்லாரும் நன்றாக இருங்கள். பல் டாக்டரிடம் போக மறக்காதே. வெள்ளி ஐந்துக்கு முன்னால் போன் செய்து அழாதே, எந்த வீட்டுக்காக அழுவது என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

உன் அம்மா,
டீனெக்கே
எண் 7 (வெள்ளிக்கிழமைவரை)