தளியிலிருந்து வந்த மிஸ்டு கால்

அக்கா,

இன்று காலை தளி பஸ்ஸில் வந்த பூக்கட்டைப் பிரித்தேன். ஈரச் செய்தித்தாளும் ரோஜாத் தண்டும் சேர்ந்த அந்தப் பச்சை வாடை வந்ததும் உங்கள் தும்மல் நினைவுக்கு வந்தது. பூ விற்கிற கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் வருவதற்கு முன் என் வேலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது. பெங்களூரிலிருந்து யாராவது நம் வெப்சைட்டில் பூங்கொத்து கேட்டிருக்கிறார்களா, பணம் வந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பேன். வந்திருந்தால் தளியில் பூந்தோட்டம் வைத்திருக்கும் முனியப்பாவுக்குப் போன் செய்வேன். "ஹூ கொய்யலா?" என்பார். பூ அறுக்கட்டுமா என்று அர்த்தம். சரி என்பதற்கு நான் "ஹூம்" என்பேன். அவ்வளவுதான் என் பேச்சு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்த வேலை போதுமானதாக இருந்தது.

கம்ப்யூட்டர் வேலைக்கு உங்களை அழைத்து வந்த அன்று முதலாளி சார் என் எதிரிலேயே சொன்னார்: "இனிமே யாரும் குந்தினு பாத்துனே இருக்கத் தேவையில்ல. எல்லாம் தானா நடக்கும். பேக்கிங்குக்கு ரெண்டு பேர் இருக்காங்க, போதும்." அந்த இரண்டு பேரில் நான் இல்லை. வீட்டில் சொல்லவில்லை.

நீங்கள் அதற்கு வெப்ஹூக் என்று பேர் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை, ஆனாலும் விளக்கினீர்கள். "ஏட்டி, நாம போய்ப் போய்ப் பாக்கதுக்குப் பதிலா, பணம் விழுந்ததும் அதுவே நமக்கு மிஸ்டு கால் குடுக்கும்னு வச்சுக்கோ. நம்ம கம்ப்யூட்டர் உடனே முனியப்பாவுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிரும். புரியுதா? வாயத் தொறந்து சொல்லேன், காசா கேக்கேன்?"

புரிந்தது. சோதனைக்காக நீங்களே ஒரு கொத்து ஆர்டர் செய்ததும் முனியப்பா நம்பருக்குச் செய்தி போனது. கைதட்டினீர்கள். நான் என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிஜமான முதல் ஆர்டர் ஒரு கல்யாண வீட்டுக்கு. செய்தி போய்விட்டது என்று திரையில் காட்டியது. மறுநாள் காலை தளி பஸ்ஸில் பூ வரவில்லை. சார் போனை என் கையில் திணித்தார். முனியப்பா கோபமாக இருந்தார். மகன் செய்தியைப் படித்துச் சொன்னானாம். இவர், காசு மிச்சம் பிடிக்க எப்போதும் செய்கிறபடி, அந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு நான் திருப்பிக் கூப்பிடுவேன் என்று காத்திருந்தாராம். விடாமல் கொடுத்துப் பார்த்திருக்கிறார். யாரும் திருப்பிக் கூப்பிடவில்லை. "குரல் கேக்காம நான் எப்படிம்மா அறுக்கறது? அறுத்த பூவத் திரும்ப செடியில ஒட்டவா முடியும்?" என்று கன்னடத்தில் கத்தினார். அந்த நம்பர் சிம் போட்ட ஒரு சின்னப் பெட்டியுடையது. அதற்கு அனுப்பத்தான் தெரியும்.

கல்யாண வீட்டுக்கு ஓசூர் மார்க்கெட்டில் கிடைத்த பூவை வாங்கி அனுப்பினோம். சார் உங்களைத் திட்டினார். முனியப்பாவையும் சேர்த்துத் திட்டினார். நீங்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னது இது: "அவரச் சொல்லாதீங்க சார். நான் சேதி அனுப்புனேன். கேட்டுச்சான்னு பாக்கல." பிறகு பெட்டியிலிருந்த சிம்முக்கு வரும் அழைப்பெல்லாம் என் மேசைப் போனுக்கு வருகிறமாதிரி மாற்றினீர்கள். "திருப்பிக் கூப்பிட ஒரு ஆள் வேணும் சார். கன்னடம் தெரிஞ்ச ஆளு." எனக்காகச் சொன்னீர்களா, வேலைக்காகச் சொன்னீர்களா என்று நான் கேட்டதில்லை. நாற்காலி அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு தோட்டக்காரர்கள் கூடினார்கள். தெலுங்குக்காரர்களும் வந்தார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் பேச வேண்டியிருந்தது. நான் போனைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினால் நீங்கள் பக்கத்து மேசையிலிருந்து, "என்னட்டி, ரகசியமா? சத்தமாப் பேசு, ரோஜா ஒண்ணும் வாடிராது" என்பீர்கள்.

காய்ச்சல் என்று ஊருக்குப் போனீர்கள். உங்கள் தம்பி போன் செய்தபோது எடுத்தவள் நான்தான். "அக்கா தவறிட்டா" என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, சாரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். பிறகு தோட்டக்காரர்களுக்கும் நானே சொன்னேன். கல்யாண ஆர்டர் அன்றைக்குத் தான் கத்தியிருக்கக் கூடாது என்றார் முனியப்பா.

போன மாதம் உங்கள் இடத்துக்கு ஒருவர் வந்திருக்கிறார். நல்லவர். மிஸ்டு கால் வந்ததும் பதிவு செய்த குரல் ஒன்று தானே திருப்பிக் கூப்பிட்டு "அறுக்கலாம்" என்று சொல்கிறமாதிரி செய்துவிடலாம் என்றார். சார் என் பக்கம் திரும்பவேயில்லை. நான் எழுந்து நின்றேன்.

"வேணாம் சார். அவங்க திருப்பி ஏதாவது கேப்பாங்க. மழ பேயுது, நாளைக்கு அறுக்கட்டுமான்னு கேப்பாங்க. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

முன்பெல்லாம் சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொள்வேன். அன்று குனியவில்லை. கேட்டாரா என்று சாரின் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். "சரி, இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும்" என்றார்.

இப்போது யாரிடம் எதைச் சொன்னாலும் அப்படித்தான் நிற்கிறேன், அக்கா. அம்மாகூடக் கேட்டாள், ஏன்டி மூஞ்சியையே பாக்குற என்று. இதை எழுதி முடித்ததும் யார் முகத்தைப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.