கோப்பை கழுவட்டுமா

ஜூன் 3
இன்று ஐந்தாவது முறை வறுத்துப் பார்த்தோம். தண்டு அதிகம், இலை குறைவு. முதலில் பச்சை வாடை, பிறகு கடலை வறுபடுவது போல, பிறகு ரொட்டியின் ஓரம். அங்கேயே நிறுத்த வேண்டும். இன்னும் பத்து எண்ணினால் புகை.

ஹோஜிச்சா என்று பெயராம். பச்சைத் தேயிலையை வறுத்துப் பழுப்பாக்குவது, ஜப்பான்காரர்கள் பழக்கம். முதலாளியம்மா எங்கோ குடித்துவிட்டு வந்து, நம் கடையிலும் செய்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

பொட்டலங்களுக்குச் சீட்டு ஒட்டும் அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "வைக்கோலை வறுத்துக் குடிக்க ஜப்பான் வரைக்கும் போகணுமா?" என்றார். உருளையருகில் நின்ற அக்கா சிரித்தாள். அவள் சிரித்து நாளாயிற்று.

ஜூன் 4
எழுதலாமா? இங்கே இல்லாவிட்டால் வேறு யாரிடம் சொல்ல?

அக்காவுக்கு வாசனை தெரிவதில்லை. காய்ச்சல் வந்து போனதிலிருந்து இரண்டு மாதமாக. வறுப்பவளுக்கு மூக்குதான் கண். இலையின் நிறத்தைப் பார்த்து நிறுத்தினால் தாமதமாகிவிடும், உள்சூடு மேலும் கருக்கிவிடும். கடிகாரமும் உதவாது, மூட்டைக்கு மூட்டை ஈரம் மாறும்.

அதனால் நான் மோந்து சொல்கிறேன். கோப்பை கழுவும் தொட்டி வறுக்கும் உருளைக்கு மூன்றடி தள்ளித்தான். சரியான மணம் வந்ததும், "அக்கா, கோப்பை கழுவட்டுமா?" என்பேன். உடனே அவள் உருளையைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவாள்.

"வெளிய தெரிஞ்சா என்னை நிறுத்திடுவாங்கடி. இந்த வேலை இல்லேன்னா நான் யாரு?" என்கிறாள்.

ஜூன் 9
ஏழாவது முறை. வெந்நீர் கொதிநிலையில், அரை நிமிடம் மட்டும். கசப்பே இல்லை. முதலாளியம்மா அக்காவின் தோளைத் தட்டினார். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 12
வெள்ளிக்கிழமை ஹோட்டல்காரர்கள் இதை வாங்கலாமா என்று பார்க்க வருகிறார்களாம். எதிரிலேயே வறுத்துக் காட்ட வேண்டும்.

"ஏய் ஊமைக்கோட்டான், கோப்பையெல்லாம் பளபளன்னு இருக்கணும்" என்றார் முதலாளியம்மா.

கழுவியதையே மறுபடி கழுவினேன்.

ஜூன் 14
கருகிவிட்டது.

மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் வந்து நின்றார். கடலை மணம் வந்தது. ரொட்டி ஓரம் வந்தது. வாயைத் திறந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், வார்த்தை வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னபோது ஆனதே, அதேதான். அன்றோடு பள்ளிக்கூடம் போச்சு. "போகாட்டி போ, என்கூட வா" என்று அக்காதான் இங்கே கூட்டி வந்தாள். அவளுக்காக மூணு வார்த்தை. மூணே வார்த்தை சொல்ல முடியலையே எனக்கு!

புகை வந்த பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. கண்ணால் பார்த்து.

"கவனம் தப்பிடுச்சும்மா" என்றாள். என் பெயரை எடுக்கவில்லை. வீட்டில் திட்டவும் இல்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஜூன் 15
முதலாளியம்மா இரண்டு கோப்பை வைத்தார். ஒன்று நேற்றுக் கருகியது, ஒன்று ஏழாவது முறை வறுத்தது. உள்ளே இருப்பதன் நிறம் தெரியாத கறுப்புக் கோப்பைகள்.

"எது கருகினதுன்னு சொல்லு."

அக்கா இரண்டையும் மோந்தாள். மறுபடி மோந்தாள். கைக்கு எட்டியதைக் காட்டினாள். தப்பு.

முதலாளியம்மா கோப்பைகளை என் பக்கம் நகர்த்தினார். மோந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. தெரியவில்லை என்று தலையாட்டினால் என்ன? ஆட்டத்தான் போனேன்.

"பொய் சொல்லாதடி. சொல்லு" என்றாள் அக்கா.

விரலை நீட்டினேன்.

ஜூன் 16
அக்கா சாப்பிடவில்லை. நானும்.

ஜூன் 24
உருளை இப்போது என் கையில். அக்கா அடுத்த அறையில் சீட்டு ஒட்டுகிறாள். அந்த அண்ணன் அவளைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறார். "வாங்க வாங்க, இங்க மூக்கே வேண்டாம், நாக்கு போதும்" என்றாராம், சீட்டை நக்கிக் காட்டி. அக்கா சிரித்தாளா என்று சுவருக்கு இந்தப் பக்கம் காது கொடுத்துப் பார்த்தேன். பசை டப்பா சத்தம் மட்டும் கேட்டது.

ஜூலை 20
ஹோட்டல்காரர்கள் மறுபடி வந்தார்கள். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. மூக்கு சொன்னதும் கொட்டினேன். ஒத்துக்கொண்டார்கள். முதலாளியம்மா என் தோளைத் தட்டினார். எனக்குக் கூசியது.

அன்று வறுத்ததில் ஒரு கை இலையை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவுக்குப் போட்டுக் கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாதி குடித்தாள்.

"நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது.

"எனக்கு இனிமே சுடுதண்ணி போதும்டி. நல்ல இலையை வீணாக்காதே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மறுபடி தண்ணீர் வைத்தேன். கொதித்ததும் இரண்டு பேருக்கும் வெறும் தண்ணீராகவே ஊற்றினேன்.