நாய் நடந்த ஒன்பதாயிரம் அடி

நாரே கண்ணு,

வேளைக்குச் சோறு சாப்பிடுகிறாயா, மாப்பிள்ளையின் முதுகுவலி தேவலையா. இங்கே நான் சுகம். நீ போனில் பார்த்துத் தெரிந்துகொண்டதைவிட நன்றாகவே இருக்கிறேன், அதைச் சொல்லத்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நாலாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துப் படி.

அப்பாவை அடக்கம் செய்த கையோடு நீ என் போனில் அந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டுக் கனடாவுக்குப் போனாய். நான் எங்கே இருக்கிறேன், எத்தனை அடி நடந்தேன், எல்லாம் உனக்குத் தெரிந்துவிடும். அன்பால் செய்தாய், எனக்குத் தெரியாதா. முதலில் எனக்கும் பிடித்திருந்தது, உன் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பது போல இருந்தது. தலையணைக்கு அடியில் அதை வைக்காவிட்டால் தூக்கம் வராது, சேற்றில் மட்டிச் சிப்பி கிண்டப் போனாலும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கழுத்தில் மாட்டிக்கொள்வேன், சேற்றுக் கையைத் துடைத்துத் துடைத்து அதையே பார்ப்பேன், கூடை பாதிகூட நிறையாது. ஆனால் கரைக்கட்டுக்குப் பின்னால் அப்பாவின் சின்ன லாரி நிற்கிறதே, அதில் நான் எப்போதும் உட்காரும் பக்கம் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் அரை மணிக்குள் நீ கூப்பிட்டுவிடுவாய். "ஏம்மா ஒரே எடத்துல இருக்க, அழுறியா?" என்பாய். வந்த அழுகை அப்படியே நின்றுவிடும். வெயிலுக்கு ஒதுங்கினேன் என்று பொய் சொல்வேன். கட்டினவனுக்காக அழுவதற்கு மகளிடம் பதில் சொல்லும்படி ஆகிவிட்டது.

அதனால் ஒரு காரியம் செய்தேன், திட்டாதே. பக்கத்து வீட்டு ஜொம்ரேயின் மஞ்சள் நாய் கழுத்தில் போனைத் துணியில் முடிந்து கட்டிவிட்டு நான் லாரிக்குப் போய்விடுவேன். போன மாதம் முழுக்க அம்மா இன்று ஒன்பதாயிரம் அடி, சபாஷ் என்று அனுப்பினாயே, அதெல்லாம் அந்த நாய் நடந்தது.

போன செவ்வாய்க்கிழமை அது நண்டைத் துரத்திக்கொண்டு சேற்றுக்குள் வெகுதூரம் போய்விட்டது. ஓதம் ஏறிக் கடல்தண்ணீர் சேற்றை மூடுகிற நேரம். நீ அங்கிருந்து பார்த்தால் அம்மா கடலுக்குள் நிற்கிறாள். நீ ஊர்த்தலைவர் குவாக்கைக் கூப்பிட்டு அழுதிருக்கிறாய், அவர் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார். ஏற்றிய கண்ணாடியைத் தாண்டி எனக்கே கேட்டது. "நாரே அம்மாவ சேத்துல காணோம், புருசன் போனதுலேருந்து அவங்களுக்கு மனசு சரியில்லன்னு மகளே சொல்லுது, கயித்த எடுத்துக்கிட்டு எல்லாரும் கரைக்கட்டுக்கு வாங்க." என் மனசு சரியில்லாதது அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அழுத முகத்தோடு லாரியிலிருந்து இறங்கிப் போய் நின்று, போன் நாயின் கழுத்தில் இருப்பதைச் சொன்னேன். முப்பது பேர், ரப்பர் பூட்ஸும் கயிறுமாக. ஜொம்ரே என் முதுகில் இரண்டு போட்டாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். "எம் நாயக் கடல்ல விட்டுட்டு நீ லாரிக்குள்ள சொகுசா உக்காந்திருக்கியாடி?" நாயும் அந்த நேரம் சேறு பூசிக்கொண்டு வாலை ஆட்டியபடி வந்து சேர்ந்தது, போன் அதன் கழுத்தில் உன் பெயரைக் காட்டி அலறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நான் எடுத்து, உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். அது உனக்குக் கோபம், தெரியும். தலைவர் நிம்மதியாகி, கிடைத்துவிட்டார்கள், லாரிக்குள் அழுதுகொண்டிருந்தார்கள் என்று ஊருக்குச் சொல்லப் போகிறேன் என்றார். நானே சொல்கிறேன் என்று அவர் பின்னாலேயே போய் மைக்கை வாங்கிக்கொண்டேன். "நான் ஓக்பூன் பேசுறேன். நான் தொலையல. எம் புருசன் லாரில உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன். நாளைக்கும் அழுவேன். அது எனக்கும் அவருக்கும் உள்ளது. யாரும் கயித்த எடுத்துக்கிட்டு வர வேணாம்." முப்பத்தைந்து வருடமாக இந்த ஊருக்கு நான் நாரே அம்மாதான். என் பெயர் ஓக்பூன் என்பது தலைவருக்கே அன்றுதான் தெரிந்ததாம்.

அன்று சாயங்காலம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனில் எழுத்து எழுத்தாகப் படித்து, உன் பெயர் இருந்த இடத்தைக் கண்டுபிடித்து அந்தப் பார்வையை அணைத்துவிட்டேன். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். மறுபடியும் கேட்டது, மறுபடியும் அழுத்தினேன். யாரிடமும் உதவி கேட்கவில்லை.

இப்போது நான் லாரியில் இருந்தால் மட்டி கிண்டப் போகிறவர்களை ஜொம்ரே சுற்றுப் பாதையில் அனுப்புகிறாள். குளியலறைக்குச் சொல்வது போல, உள்ளே ஆள் இருக்கிறது என்கிறாளாம். தலைவர்கூடச் சுற்றித்தான் போகிறார். போன் அடுப்படியில் தொங்குகிறது, மட்டிக்கூடை நிறைந்துவிடுகிறது. புதனும் ஞாயிறும் நானே உன்னைக் கூப்பிடுவேன். நீயும் வேலைக்கு நடுவில், நான் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு இருந்தாயாம், மாப்பிள்ளை சொன்னார். இனி அங்கே புள்ளி இல்லை, நிமிர்ந்து உட்கார்.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நெடுங்காலம் இருங்கள். நான் அனுப்பிய காய்ந்த கடற்பாசியைப் பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவைக்காதே, கொழகொழவென்று போய்விடும். அழுதாயா என்று இனிமேல் கேட்காதே, அழுதால் நானே சொல்கிறேன். இன்று அழுதேன். ஒரு மணி நேரம், வாய்விட்டு. நன்றாக இருந்தது.

உன் அம்மா,
ஓக்பூன்